சீன வாக்கியத்தில் காலச் சொல்லின் இடம்

சீன வினைச்சொல் காலம் காட்டாது. தமிழில் ‘போனேன்’, ‘போகிறேன்’, ‘போவேன்’ என்று இடைநிலையும் விகுதியும் சேர்ந்து செய்கிற வேலைக்கு மாண்டரின் சீனத்தில் ‘ச்யூ’ என்ற ஓரசைச் சொல்தான் உண்டு. அது எங்கும் உருமாறுவதில்லை. நேற்றா, நாளையா என்று சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் காலச் சொற்களின் தலையில் விழுகிறது. அந்தச் சொற்களுக்கும் உருபு கிடையாது. ‘மூன்று மணிக்கு’ என்பதில் உள்ள ‘கு’, ‘காலையில்’ என்பதில் உள்ள ‘இல்’ இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை. உருபு செய்ய வேண்டியதை வரிசை செய்கிறது. ஆகவே காலச் சொல் இடம் மாறினால் வாக்கியம் கரடுமுரடாவதோடு நிற்பதில்லை. சில சமயம் பொருளே வேறாகிவிடும்.

காலச் சொற்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘எப்போது?’ என்ற கேள்விக்கு விடையாக வருபவை ஒரு வகை: நேற்று, நாளை, மூன்று மணிக்கு, போன வருடம். இவற்றை இங்கே நேரக்குறிப்பு என்று அழைக்கலாம். ‘எவ்வளவு நேரம்?’ என்ற கேள்விக்கு விடையாக வருபவை மற்றொரு வகை: மூன்று மணி நேரம், இரண்டு நாள், பத்து வருடம். இவை கால அளவு. தமிழில் இரண்டும் வினைக்கு முன்னால்தான் நிற்கும். உருபைப் பார்த்து எது எதுவென்று தெரிந்துகொள்கிறோம். சீனத்தில் நேரக்குறிப்பு வினைக்கு முன்னால் வரும், கால அளவு வினைக்குப் பின்னால் வரும்.

சீனம் கற்பிக்கும் பாடநூல்களில் கணிசமானவை ஆங்கிலம் பேசுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ‘நாளை’ வாக்கியத்தின் கடைசியில் வருவது வழக்கம். அதனால் அந்த நூல்கள் ‘நாளையைக் கடைசியில் போடாதே’ என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கின்றன. கால அளவை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. தமிழ் பேசுபவருக்கு நிலைமை நேர்மாறு. முதல் விதி அவருக்குத் தாய்மொழியிலேயே பழக்கமானது. அவர் தடுக்கி விழுவது இரண்டாவது விதியில். இந்த அத்தியாயமும் அந்தக் கணக்குப்படியே முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதை விரிவாகவும் சொல்கிறது.

எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. சீனத்தின் நான்கு தொனிகளைத் தமிழ் எழுத்து காட்டாது. எல்லா மெய்யொலிகளும் அதில் அடங்குவதும் இல்லை. வரிசையைப் பார்ப்பதற்கு மட்டும் இவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, உச்சரிப்பை ஆசிரியரிடமோ ஒலிப்பதிவிலோ கேட்டுப் பழக வேண்டும்.

நேரக்குறிப்பு: வினைக்கு முன்

‘நான் நாளை பெய்ஜிங் போகிறேன்’ என்பது சீனத்தில் ‘வோ மிங்தியென் ச்யூ பெய்ஜிங்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால்: நான்–நாளை–போ–பெய்ஜிங். போகிற ஊர் வினைக்குப் பின்னால் போய்விட்டது. ‘நாளை’ தமிழில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுவாய்க்கு முன்னாலும் அது வரலாம்: ‘மிங்தியென் வோ ச்யூ பெய்ஜிங்’. ‘வோ ச்யூ பெய்ஜிங் மிங்தியென்’ என்பது பிழை.

எழுவாய்க்குப் பின்னால் வைப்பதற்கும் முன்னால் வைப்பதற்கும் என்ன வேறுபாடு? சாதாரணமாகத் தகவல் சொல்லும்போது எழுவாய்க்குப் பின்னால் வைத்தால் போதும். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடும்போது, அல்லது ‘நாளை என்ன நடக்கும்’ என்பதே பேச்சாக இருக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ‘ஸுவோதியென் வோ ஹென் மாங், ஜின்தியென் பு மாங்’: நேற்று எனக்கு ஏகப்பட்ட வேலை, இன்று இல்லை. இங்கே நேற்றும் இன்றும் எதிரெதிராக நிறுத்தப்படுவதால் இரண்டும் தலைப்பில் நிற்கின்றன. தமிழ் பேசுபவருக்கு இந்த நுணுக்கத்தைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘நேற்று நான்’, ‘நான் நேற்று’ என்று மாற்றிச் சொல்லும்போது காது எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதுவே அநேகமாகச் சீனத்துக்கும் பொருந்தும்.

கேள்வி கேட்கும்போதும் வரிசை மாறாது. ‘நி ஷென்மெ ஷர்ஹோ ச்யூ?’ என்றால் நீ–எப்போது–போ. விடை ‘வோ மிங்தியென் ச்யூ’. கேள்விச்சொல் இருந்த அதே பள்ளத்தில் விடைச்சொல் வந்து உட்காருகிறது. எதிர்மறைச் சொல் நேரக்குறிப்புக்குப் பின்னால், வினையை ஒட்டி வரும்: ‘வோ மிங்தியென் பு ச்யூ’, அதாவது நான்–நாளை–இல்லை–போ. தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டிக் கடைசியில் வருவதால், ‘பு’ எங்கே போகும் என்பதில்தான் முதல் வாரங்களில் தடுமாற்றம் இருக்கும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருந்தால் ஒவ்வொரு நேரக்குறிப்பும் தன் வினைக்கு முன்னால் நிற்கும். ‘தா ஸுவோதியென் ஷுவோ மிங்தியென் லாய்’ என்றால் அவர்–நேற்று–சொல்–நாளை–வா. சொன்னது நேற்று, வருவது நாளை. இதையே தமிழில் ‘அவர் நேற்று நாளை வருவதாகச் சொன்னார்’ என்று எழுதினால் நேற்றும் நாளையும் முட்டிக்கொண்டு நிற்கும். சீனத்தில் அந்த நெரிசல் இல்லை.

பேச்சில் சீனர்களும் சில சமயம் வாக்கியத்தை முடித்துவிட்டு, மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல ‘மிங்தியென்’ என்று கடைசியில் ஒட்டுவார்கள். தமிழில் ‘ஊருக்குப் போறேன், நாளைக்கு’ என்பதைப் போன்றது அது. குரல் இறங்கும், சொல் மெலிதாகும். கற்பவர் இதைக் கேட்டுவிட்டு விதி தளர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. எழுதும்போது இதற்கு இடமே இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ‘வோ ஸோ ஷியென்’ (நான்–கிளம்பு–முதலில்) என்று ‘ஷியென்’னை வினைக்குப் பின்னால் வைத்துப் பேசுவது சகஜம். அது கான்டனீஸின் செல்வாக்கு. பொதுச் சீனத்தில், தேர்வுத் தாளில், ‘வோ ஷியென் ஸோ’ என்பதே சரி.

எந்தச் சொல் எழுவாய்க்கு முன் நகரும், எது நகராது என்பதற்கும் ஓர் எளிய அடையாளம் உண்டு. ‘ஜின்தியென்’ (இன்று), ‘காங்ட்ஸாய்’ (சற்று முன்) போன்ற பெயர்ச்சொல் தன்மையுள்ளவை நகரும். ‘காங்’ (இப்போதுதான்), ‘ஜியூ’ (‘எட்டு மணிக்கே’ என்பதில் உள்ள ‘ஏ’), ‘ட்ஸாய்’ (‘எட்டு மணிக்குத்தான்’ என்பதில் உள்ள ‘தான்’) போன்ற ஓரசை வினையடைகள் எழுவாயைத் தாண்டி முன்னால் போவதில்லை. ‘காங்ட்ஸாய் தா லாய் லெ’ என்று தொடங்கலாம். ‘காங்’கைப் பயன்படுத்தினால் ‘தா காங் லாய்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இடத்துக்கு முன் காலம், சிறியதற்கு முன் பெரியது

காலமும் இடமும் சேர்ந்து வந்தால் காலம் முதலில். ‘வோ மிங்தியென் ஸாய் துஷூகுவான் கான் ஷூ’: நான்–நாளை–இல்–நூலகம்–படி–புத்தகம். ‘ஸாய்’ என்ற இடச்சொல் ‘நூலகத்தில்’ என்பதில் உள்ள ‘இல்’லின் வேலையைச் செய்கிறது. ‘காலையில்’ என்பதிலும் ‘இல்’ இருக்கிறதே என்று ‘ஸாய் ஸாவ்ஷாங்’ என்று சொல்லத் தோன்றும். பேச்சில் அது வேண்டாம். ‘ஸாவ்ஷாங்’ மட்டும் போதும்.

பல நேரக்குறிப்புகள் வரிசையாக வந்தால் பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்க வேண்டும்: ஆண்டு, மாதம், நாள், கிழமை, காலை மாலை, மணி, நிமிடம். பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழா நடந்த நேரத்தைச் சீனத்தில் சொன்னால் ‘எர் லிங் லிங் பா நியென் பா யுயே பா ஹாவ் ஷிங்ச்சி வு வான்ஷாங் பா டியென்’. 2008 ஆண்டு, 8ஆம் மாதம், 8ஆம் தேதி, வெள்ளி, இரவு, 8 மணி. எட்டு செல்வத்தோடு சேர்த்துப் பேசப்படும் எண் என்பதால் அந்த நாளும் நேரமும் பெயர்பெற்றவை. தமிழ்நாட்டுப் பத்திரங்களிலும் அழைப்பிதழ்களிலும் ‘2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8 மணி’ என்று எழுதும் முறை உண்டு. சீன வரிசை அதுவேதான். ஆனால் நாள்–மாதம்–ஆண்டு என்று எண்களால் எழுதும் அன்றாடப் பழக்கம் அங்கே செல்லாது. விசா படிவத்தில், விடுதிப் பதிவேட்டில், ரயில் முன்பதிவில் 5/4 என்று ஒருவர் எழுதினால் சீன அலுவலர் அதை மே மாதம் 4ஆம் தேதி என்றே படிப்பார். 1919ஆம் ஆண்டு மே 4 அன்று பெய்ஜிங் மாணவர்கள் தெருவில் இறங்கிய போராட்டத்துக்குச் சீனத்தில் ‘வு–ஸு’ என்று பெயர். ஐந்து, நான்கு, மாதம் முதலில், நாள் பிறகு. இந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவர் தேதியைத் தலைகீழாக எழுத மாட்டார்.

ஆண்டை எண்ணுக்கு எண் வாசிக்க வேண்டும். 1949 என்பது ‘யீ ஜியூ ஸு ஜியூ நியென்’: ஒன்று, ஒன்பது, நான்கு, ஒன்பது, ஆண்டு. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து’ என்று விரிக்கும் பழக்கம் இங்கே பிழையாகும். கால அளவாக வரும்போதுதான் எண்ணை முழுதாகச் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டு ‘எர் லிங் லிங் லிங் நியென்’; இரண்டாயிரம் ஆண்டுக் காலம் ‘லியாங் ச்சியென் நியென்’.

கால அளவு: வினைக்குப் பின்

நேரக்குறிப்பையும் கால அளவையும் சீனம் வடிவத்திலும் வேறுபடுத்துகிறது. மூன்று மணிக்கு என்பது ‘ஸான் டியென்’. மூன்று மணி நேரம் ‘ஸான் கெ ஷியாவ்ஷர்’. மார்ச் மாதம் ‘ஸான் யுயே’, அதாவது மூன்றாம் மாதம். மூன்று மாதங்கள் ‘ஸான் கெ யுயே’. நடுவில் உள்ள ‘கெ’ என்ற அளவுச்சொல் ஒன்றுதான் வேறுபாடு. புதன்கிழமை ‘ஷிங்ச்சி ஸான்’, மூன்று வாரம் ‘ஸான் கெ ஷிங்ச்சி’. மூன்றாம் தேதி ‘ஸான் ஹாவ்’, மூன்று நாள் ‘ஸான் தியென்’. நாளுக்கும் (‘தியென்’) ஆண்டுக்கும் (‘நியென்’) அளவுச்சொல் வராது. ‘ஸான் கெ நியென்’ என்பது கற்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. இரண்டு என்ற எண் ‘எர்’ என்றும் ‘லியாங்’ என்றும் இரு வடிவம் கொள்கிறது. பிப்ரவரி ‘எர் யுயே’, இரண்டு மாதம் ‘லியாங் கெ யுயே’. மணிக்கு மட்டும் விதிவிலக்கு: இரண்டு மணி நேரக்குறிப்பாக இருந்தாலும் ‘லியாங் டியென்’தான்.

இனி இடம். ‘நான் மூன்று வருடம் படித்தேன்’ என்பது ‘வோ ஷுயே லெ ஸான் நியென்’: நான்–படி–முடிந்தது–மூன்று–வருடம். ‘லெ’ என்ற துணைச்சொல் செயல் நிறைவேறியதைக் காட்டுகிறது. தமிழ் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு ‘வோ ஸான் நியென் ஷுயே லெ’ என்று சொல்வதுதான் தமிழ் பேசுபவரின் அடையாளப் பிழை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இந்தப் பிழையைச் செய்வது அரிது. அதனாலேயே அவருக்காக எழுதப்பட்ட நூல் இதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த வரிசைக்குப் பின்னால் உள்ள காரணத்தை மொழியியலாளர் ஜேம்ஸ் தாய் 1985இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். நிகழ்வுகள் எந்த வரிசையில் நடக்கின்றனவோ அந்த வரிசையிலேயே சீனச் சொற்கள் அடுக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. நாளை என்ற சட்டகம் முதலில் இருக்கிறது, அதற்குள் செயல் நடக்கிறது. ஆகவே நேரக்குறிப்பு முன்னால். செயல் தொடங்கி ஓடினால்தான் எவ்வளவு நேரம் ஓடியது என்று அளக்க முடியும். ஆகவே கால அளவு பின்னால். பெரிய கால எல்லை சிறியதற்கு முன் வரும் என்பதையும் அவர் இதனோடு சேர்த்தே சொன்னார். எல்லா விதிவிலக்குகளையும் இந்தக் கொள்கை விழுங்கிவிடாது என்றாலும், மனப்பாடம் செய்வதைவிட இதைப் பிடித்துக்கொண்டு வாக்கியம் அமைப்பது எளிது.

தமிழிலேயே ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. ‘மூன்று வருடமாகப் படிக்கிறேன்’ என்பதை ‘படிக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது’ என்றும் சொல்கிறோம். இரண்டாவதில் செயல் முன்னால், அளவு பின்னால். சீன வரிசை அப்படியே வந்துவிடுகிறது. சீனத்தில் பேசுவதற்கு முன் மனத்துக்குள் தமிழ் வாக்கியத்தை இந்த அச்சில் மாற்றிக்கொள்பவருக்குப் பிழை பாதியாகக் குறையும்.

செயப்படுபொருளும் உடன் இருந்தால் கொஞ்சம் சிக்கல். வினைக்குப் பின்னால் ஓர் இடம்தான். அதற்குப் பொருளும் அளவும் போட்டியிடுகின்றன. சீனம் இதற்குச் சில வழிகள் வைத்திருக்கிறது. வினையை இருமுறை சொல்வது ஒன்று: ‘வோ ஷுயே ஜோங்வென் ஷுயே லெ ஸான் நியென்’, நான்–படி–சீனம்–படி–முடிந்தது–மூன்று–வருடம். முதல் ‘ஷுயே’ பொருளைத் தாங்குகிறது, இரண்டாவது அளவைத் தாங்குகிறது. ‘லெ’ இரண்டாவதோடுதான் சேரும். அளவை நடுவில் செருகுவது இன்னொன்று: ‘வோ ஷுயே லெ ஸான் நியென் ஜோங்வென்’. இதுவே சுருக்கமானது, பேச்சில் மிகுதியாகக் கேட்பது. அளவுக்கும் பொருளுக்கும் இடையில் ‘டெ’ சேர்ப்பதும் உண்டு. பொருளை வாக்கியத்தின் முன்னால் தூக்கிக்கொண்டு போவது மூன்றாவது: ‘ஜோங்வென் வோ ஷுயே லெ ஸான் நியென்’. ‘சீனம் நான் மூன்று வருடம் படித்தேன்’ என்ற தமிழ்ப் பேச்சு வரிசைக்கு இது மிக அருகில் இருப்பதால், தொடக்கத்தில் இதைப் பிடித்துக்கொள்வது நல்லது. பொருள் ‘அவர்’, ‘நீ’ போன்ற பதிலிப்பெயராக இருந்தால் மட்டும் அது வினையை ஒட்டி, அளவுக்கு முன்னால் வரும். ‘வோ டெங் லெ தா பான் கெ ஷியாவ்ஷர்’: நான்–காத்திரு–முடிந்தது–அவர்–அரை–மணி நேரம்.

இரண்டு வகைக் காலச் சொற்களும் ஒரே வாக்கியத்தில் வருவதை ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம்.

‘வோ ஸுவோதியென் வான்ஷாங் ஸாய் ஜியா கான் லெ லியாங் கெ ஷியாவ்ஷர் டியென்ஷர்.’

நான்–நேற்று–இரவு–இல்–வீடு–பார்–முடிந்தது–இரண்டு–(அளவுச்சொல்)–மணி நேரம்–தொலைக்காட்சி. ‘கான்’ என்ற வினைதான் இதன் முதுகெலும்பு. அதற்கு இடப்பக்கம் நேற்று, இரவு, வீடு: பெரிய காலம், சிறிய காலம், இடம். வலப்பக்கம் இரண்டு மணி நேரம், தொலைக்காட்சி: அளவு, பொருள். ‘நான் நேற்று இரவு வீட்டில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தேன்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினையை மட்டும் பிடுங்கி ‘வீட்டில்’ என்பதற்குப் பக்கத்தில் நட்டால் சீன வாக்கியம் கிடைத்துவிடுகிறது. மற்ற எதுவும் அசையவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சரளமாகச் சொல்லப் பழகியவர் நாள், இடம், வினை, அளவு ஆகியவற்றை மாற்றிப் போட்டு எத்தனையோ வாக்கியங்களைச் செய்துகொள்ளலாம்.

வாக்கியத்தின் கடைசியில் இன்னொரு ‘லெ’ சேர்ந்தால் செயல் இன்னும் தொடர்கிறது என்று பொருள். ‘வோ ஷுயே லெ ஸான் நியென் ஜோங்வென்’ என்றால் மூன்று வருடம் படித்தேன். இப்போது படிக்கிறேனா என்பது தெரியாது. ‘வோ ஷுயே லெ ஸான் நியென் ஜோங்வென் லெ’ என்றால் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழின் ‘ஆக’ செய்யும் வேலையைக் கடைசி ‘லெ’ செய்கிறது. வேலைக்கான நேர்காணலில் இந்த ஓரசையை விட்டுவிட்டால், படிப்பை நிறுத்திவிட்டவர் என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

வருதல், இறத்தல், பட்டம் பெறுதல், திருமணம் செய்தல் போன்ற செயல்கள் நொடியில் முடிந்துவிடுபவை, நீளாதவை. இவற்றோடு வரும் அளவு, செயல் முடிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைக் காட்டும். அப்போது பொருளையும் தாண்டி அளவு கடைசியில் வரும். ‘தா லாய் பெய்ஜிங் ஸான் நியென் லெ’: அவர்–வா–பெய்ஜிங்–மூன்று–வருடம்–ஆயிற்று. ‘அவர் பெய்ஜிங் வந்து மூன்று வருடமாயிற்று’ என்பதில் தமிழும் சீனமும் கைகோத்து நடக்கின்றன. ‘தா லாய் லெ ஸான் நியென் பெய்ஜிங்’ என்று அளவை நடுவில் செருகுவது இங்கே பிழை.

அளவு முன்னால் வரும் இடங்கள்

கால அளவு வினைக்குப் பின்னால் வரும் என்ற விதிக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. முதலாவது எதிர்மறை. ‘வோ ஸான் தியென் மெய் ச்சர் ஃபான்’: நான்–மூன்று–நாள்–இல்லை–சாப்பிடு–சோறு. நடக்காத செயலின் நீளத்தை அளக்க முடியாது. மூன்று நாள் என்பது இங்கே சட்டகமாகிவிடுகிறது, ஆகவே முன்னால் போகிறது. வெகுநாள் கழித்துச் சந்திப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் ‘ஹாவ் ஜியூ பு ஜியென்’ என்ற முகமன் இதே அச்சில் அமைந்தது: நெடுங்காலம்–இல்லை–பார். முதல் பாடத்திலேயே கற்கும் இந்த நான்கு அசைகள் எதிர்மறை விதியைக் காலத்துக்கும் நினைவில் நிறுத்தும்.

அளவையே மறுக்க வேண்டுமானால் அது மறுபடி பின்னால் வரும். ‘எட்டு மணி நேரம் தூங்கவில்லை’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் சொல்லலாம். எட்டு மணி நேரமும் கண்மூடவில்லை என்பது ஒன்று. தூங்கினேன், ஆனால் எட்டு மணி நேரம் வரவில்லை என்பது மற்றொன்று. குரலையும் சூழலையும் வைத்துத்தான் தமிழில் பிரித்தறிகிறோம். சீனத்தில் வரிசையே பிரித்துக் காட்டிவிடும். ‘வோ பா கெ ஷியாவ்ஷர் மெய் ஷுய்’ என்றால் முதலாவது. ‘வோ மெய் ஷுய் பா கெ ஷியாவ்ஷர்’ என்றால் இரண்டாவது. மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, ‘இவ்வளவு காலத்துக்குள்’ என்ற பொருள். ‘தா ஸான் தியென் கான் வான் லெ ஜெ பென் ஷூ’: அவர் மூன்று நாளில் இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தார். ‘வான்’ என்பது முடிவைக் குறிக்கிறது. தமிழில் ‘மூன்று நாள்’ என்பதற்கும் ‘மூன்று நாளில்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ‘இல்’ காட்டுகிறது. சீனத்தில் வினைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது காட்டுகிறது. அதனால்தான் ‘வோ ஸான் நியென் ஷுயே லெ’ என்று தொடங்கும் தமிழ் பேசுபவரைச் சீனர் குழப்பத்தோடு பார்க்கிறார். மூன்று வருடத்தில் எதையோ முடித்த கதை வரப்போகிறது என்று காத்திருக்கிறார்.

எத்தனை தடவை

தடவை எண்ணிக்கையும் அளவுதான். வினைக்குப் பின்னால் வரும். ‘வோ ச்யூ குவோ ஸான் ட்ஸு பெய்ஜிங்’ என்றால் நான் மூன்று தடவை பெய்ஜிங் போயிருக்கிறேன். ஊர்ப்பெயராக இருந்தால் ‘வோ ச்யூ குவோ பெய்ஜிங் ஸான் ட்ஸு’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘மெய்தியென்’ (தினமும்), ‘ச்சாங்ச்சாங்’ (அடிக்கடி) ஆகியவை எண்ணிக்கை அல்ல, சட்டகம். அவை முன்னால் வரும். இரண்டும் கலந்தால் ‘வோ மெய் கெ ஷிங்ச்சி ச்யூ லியாங் ட்ஸு’: நான்–ஒவ்வொரு–வாரம்–போ–இரண்டு–தடவை. மருந்துப் பெட்டியின் மேல் ‘மெய் ழி ஸான் ட்ஸு, மெய் ட்ஸு லியாங் பியென்’ என்று அச்சடித்திருப்பார்கள். நாள்தோறும்–மூன்று–தடவை, ஒவ்வொரு–தடவை–இரண்டு–வில்லை. வினையே இல்லாத இந்தச் சீட்டிலும் சட்டகம் முன்னால், எண்ணிக்கை பின்னால்.

முன், பின், போது, வரை

‘யிச்சியென்’ (முன்), ‘யிஹோ’ (பின்), ‘டெ ஷர்ஹோ’ (போது) மூன்றும் தாம் சார்ந்த தொடருக்குப் பின்னால் வரும். ‘ச்சர் ஃபான் யிச்சியென்’ என்றால் சாப்பிடுவதற்கு முன். சொல்லுக்குச் சொல் சாப்பிடு–சோறு–முன். ‘ஸான் நியென் யிச்சியென்’ மூன்று வருடத்துக்கு முன். தமிழின் வரிசை இதுவே என்பதால் மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

‘இலிருந்து… வரை’ என்பதற்கு ‘ட்ஸோங்… டாவ்…’ உண்டு. இந்தச் சொற்கள் நேரத்துக்கு முன்னால் நிற்கும்; தொடர் முழுவதும் வினைக்கு முன்னால் வரும். ‘தா ட்ஸோங் ஜியூ டியென் டாவ் வு டியென் ஷாங்பான்’: அவர் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை வேலை பார்க்கிறார். தொடக்கத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் ‘டாவ்’ வினையோடு ஒட்டிக்கொண்டு பின்னால் போய்விடும்: ‘வோ ஷுய் டாவ் பா டியென்’, நான்–தூங்கு–வரை–எட்டு–மணி. எட்டு மணி நேரக்குறிப்புதானே, பின்னால் எப்படி வந்தது என்ற கேள்வி நியாயமானது. தூக்கம் ஓடிப் போய்ச் சேர்ந்த எல்லை அது. தூங்கத் தொடங்குவதற்கு முன்னால் அந்த எல்லை வந்திருக்க முடியாது.

நேரத்துக்கு அழுத்தம்

‘எட்டு மணிக்கே வந்துவிட்டார்’, ‘எட்டு மணிக்குத்தான் வந்தார்’ என்ற இரண்டிலும் நேரம் ஒன்றே. பேசுபவரின் எதிர்பார்ப்பு வேறு. இந்த ‘ஏ’காரத்துக்குச் சீனத்தில் ‘ஜியூ’, ‘தான்’ என்பதற்கு ‘ட்ஸாய்’. இரண்டும் நேரக்குறிப்புக்கும் வினைக்கும் நடுவில் அமரும். ‘தா பா டியென் ஜியூ லாய் லெ’ என்றால் சீக்கிரம் வந்துவிட்டார். ‘தா பா டியென் ட்ஸாய் லாய்’ என்றால் தாமதமாக வந்தார். ‘ஜியூ’வோடு ‘லெ’ சேர்கிறது, ‘ட்ஸாய்’யோடு சேர்வதில்லை. தமிழிலும் முதலாவதில் ‘வந்துவிட்டார்’ என்றும் இரண்டாவதில் வெறும் ‘வந்தார்’ என்றும் சொல்லத் தோன்றுவதைக் கவனித்தால் இதை நினைவில் வைப்பது எளிது.

நடந்து முடிந்த செயலில் நேரத்தை மட்டும் எடுத்துக்காட்ட ‘ஷர்… டெ’ என்ற அமைப்பு பயன்படும். ‘வோ ஷர் ஸுவோதியென் லாய் டெ’: நான் வந்தது நேற்று. தமிழ் இந்தப் பொருளுக்கு ‘நேற்று’ என்பதைக் கடைசிக்குத் தள்ளுகிறது. அதைப் பார்த்து ‘வோ லாய் டெ ஷர் ஸுவோதியென்’ என்று சொல்வது இயல்பாக இராது. அழுத்தம் தேவைப்பட்டாலும் நேரக்குறிப்பு வினைக்கு முன்னாலேயே இருக்க, ‘ஷர்’ அதற்கு முன் வந்து விரல் நீட்டுகிறது.

எழுத்து நடையில்

பேச்சில் இல்லாத ஒரு வரிசை எழுத்தில் எதிர்ப்படும். ‘லூ ஷுன் ஷெங் யூ யீ பா பா யீ நியென்’: எழுத்தாளர் லூ ஷுன் 1881இல் பிறந்தார். சொல்லுக்குச் சொல் லூ ஷுன்–பிற–இல்–1881–ஆண்டு. நேரக்குறிப்பு வினைக்குப் பின்னால் வந்திருக்கிறது. ‘யூ’ என்ற சொல் பழைய செவ்வியல் சீனத்தின் எச்சம். அந்நடையில் காலமும் இடமும் அதன் துணையோடு வினைக்குப் பின்னால் வருவது வழக்கம். கலைக்களஞ்சியம், நினைவுக் கல்வெட்டு, நிறுவனங்களின் அறிமுகப் பக்கம் ஆகியவற்றில் ‘பிறந்தது’, ‘நிறுவப்பட்டது’, ‘வெளியானது’ போன்ற வினைகளோடு இது இன்றும் வாழ்கிறது. பேசும்போது ஒருவர் ‘லூ ஷுன் ஷர் யீ பா பா யீ நியென் ச்சுஷெங் டெ’ என்றுதான் சொல்வார். கற்பவர் ‘யூ’வைப் படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவைத்தால் போதும், கடிதத்திலோ உரையாடலிலோ ‘நான் நாளை வருகிறேன்’ என்று சொல்ல அதைக் கையில் எடுத்தால், மளிகைக் கடையில் செந்தமிழ் பேசியதுபோல ஆகிவிடும்.